முதுகில் மண் படாத பயில்வான்

1. வந்து நின்றவர்

காலை எட்டு மணிக்குத் தியேட்டர் வாசலில் பேனரைத் தூக்கிக் கட்டினோம். ஒன்பது மணிக்கு, அந்தப் பேனரில் கீழே விழுந்து கிடந்த ஆள் நேரிலேயே வந்து நின்றுவிட்டார்.

அறுபதுகளின் கடைசி அது. காஞ்சிபுரத்தில் ஏகாம்பரம் முதலாளியின் பேனர் கொட்டகையில் நான் ஆர்ட்டிஸ்ட். முகம் போடுவது என் வேலை. கை கால், எழுத்து, பின்னணியெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இப்போதும் இருக்கிறது என்பாள் என் மனைவி.

வந்து நின்றவர் மாசிலாமணி அண்ணன். சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். தினமும் எங்கள் கொட்டகைக்கு எதிர் டீக்கடையில்தான் டீ குடிப்பார். அகலத் தோள், கோணல் மூக்கு. ஒரு தடவை பார்த்தால் மறக்காத முகம். என் வினையே அந்த முகம்தான்.

"தம்பி, கீழ கெடக்கிறானே, அவன் யாருபா?" என்று கேட்டார்.

"வில்லன், அண்ணே."

"வில்லனுக்கு எதுக்குபா என் மூக்கு?"



2. கம்பெனி கண்டிஷன்

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். படத்தின் ஹீரோ கஜபாலன். சினிமாவுக்கு வருவதற்கு முன் ஊர் ஊராகப் போய்க் குஸ்தி போட்டவர். 'முதுகில் மண் படாத பயில்வான்' என்று பட்டம் கொடுத்துத்தான் அவரைச் சினிமாவிலேயே இறக்கினார்கள். குஸ்தியில் எவன் முதுகு கோதாவின் செம்மண்ணில் படுகிறதோ அவன் தோற்றான். இவர் முதுகு பட்டதே இல்லையாம்.

அவர் படத்துக்குக் கம்பெனியிலிருந்து ஸ்டில் வரும்போது கூடவே ஒரு டைப் அடித்த காகிதமும் வரும். வலப்பக்கமாகத்தான் வரைய வேண்டும், ஏனென்றால் இடது காது குஸ்தியில் நசுங்கிப்போனது. பேனரில் அவரைவிட உயரமாக ஒரு தலையும் தெரியக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் படுத்திருக்கும் ஸ்டில்லை எங்கும் போடவே கூடாது. ஒரு படத்தில் கதாநாயகி மடியில் அவர் தலைவைத்துப் படுத்துப் பாடுவார். அதையும் உட்கார வைத்துத்தான் வரைந்தோம். அந்த அம்மாள் வெறும் மடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்தப் படத்துக்கு வந்த ஸ்டில்லில் கஜபாலன் ஒருவனை மல்லாக்கப் போட்டு மார்பில் கால் வைத்து நிற்கிறார். கீழே கிடப்பவன் முகம் இருட்டாக விழுந்திருந்தது. அப்படி முகம் தெரியாவிட்டால் எங்கள் தொழிலில் தெரிந்த முகம் ஒன்றை எடுத்து வைத்துவிடுவோம். கூட்டத்தில் நிற்பவன், காவல்காரன், அடியாள் எல்லாம் எங்கள் தெருக்காரர்கள்தான். பேனரில் தன் முகம் வந்தால் ஆட்கள் சந்தோஷப்பட்டு டீ வாங்கிக் கொடுப்பார்கள். அந்த நினைப்பில் மாசிலாமணி அண்ணன் முகத்தை வைத்தேன். நன்றாகவே வந்திருந்தது.

எனக்குத் தெரியாதது ஒன்று. நான் மாகறல் பக்கத்துக்காரன், ஊருக்குப் புதிது. பத்து வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் ஒரு குஸ்தி நடந்திருக்கிறது. அதில் கஜபாலனின் முதுகை மண்ணில் அழுத்தியவர் இந்த மாசிலாமணி. அந்தச் சண்டையில் கஜபாலன் உடைத்ததுதான் அந்த மூக்கு.

"என் பேரு ஒண்ணுதான்பா எனக்கு மிச்சம். அவனை நான் கீழ போட்டேன். நீ என்னைக் கொண்டுபோய் அவன் காலுக்கடியில போட்டு வச்சிருக்கியே" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு அத்தனை வெட்கமாக இருந்திருக்காது.

3. ஏணி

முதலாளியிடம் ஓடி, முகத்தை மாற்றிவிடுகிறேன் என்றேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"சாயங்காலம் நாலு மணிக்கு கஜபாலன் வரார். ரசிகருங்க மாலையோட நிக்கிறானுங்க. இப்பப் போயி பேனரைத் தொடுவியா? கீழ கெடக்கிறவன் மூஞ்சிய எவன்டா பார்ப்பான்? தொட்டின்னா வேற வேலை பார்த்துக்க."

திரும்பி வந்தேன். மாசிலாமணி அண்ணன் தியேட்டருக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். சாயப் பட்டறைக்குப் போகவில்லை. தெருவில் போகிறவர்கள் பேனரைப் பார்ப்பதும், அவரைப் பார்ப்பதும், ஒன்றும் சொல்லாமல் போவதுமாக இருந்தார்கள். மத்தியானம் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலை போனால் ஊரில் அப்பாவுக்கு அனுப்பும் பணம் நின்றுவிடும். எல்லாம் யோசித்தேன். ஆனால் அந்த மனுஷர் உட்கார்ந்திருந்த விதம் எனக்குத் தாங்கவில்லை.

மூன்று மணிக்கு முதலாளி ஸ்டேஷன் பக்கம் போனதும் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மாசிலாமணி அண்ணன் எழுந்து வந்து, கேட்காமலே கீழே பிடித்துக்கொண்டார். மண்ணெண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைத்து, காவி கலந்து அடிவண்ணம் அடிக்க ஆரம்பித்தேன். அவசரத்தில் பெயிண்ட் ஏணி வழியாக ஒழுகிக்கொண்டே இருந்தது.

பாதி முகம் போயிருக்கும். ஒரு கண்ணும் அந்த மூக்கும் பாக்கி. தெருமுனையில் ஹார்ன் சத்தம். கஜபாலன் முன்னாலேயே வந்துவிட்டார்.

முதலில் இறங்கிய மேனேஜர் கத்தினார். "யார்ரா அவன்? சார் பேனர் மேல என்னடா பண்றே?"

கஜபாலன் வெள்ளைப் பட்டு ஜிப்பாவில் இறங்கினார். கறுப்புக் கண்ணாடியோடு அண்ணாந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அந்த மூக்கு அவருக்குத் தெரியாதா? மெதுவாக ஏணியின் அடிக்குப் பார்வை இறங்கியது.

"மாசி" என்றார்.

"கஜா, நல்லா இருக்கியா? படத்துல என் மேலருந்து கால எடுக்கச் சொல்லிக்கினு இருக்கேன்."

நான் ஏணியிலிருந்து இறங்கினேன். கஜபாலன் என் அருகில் குனிந்து, ரசிகர்கள் காதில் விழாத குரலில் சொன்னார்.

"முழுசா அழிச்சிடு தம்பி. இந்த மூஞ்சியப் பார்த்தா ஊர்க்காரனுக்குப் பழசு ஞாபகம் வரும். உன் முதலாளிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

என் வேலை அந்த ஒரு வாக்கியத்தில் பிழைத்தது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. போட்டோக்காரரைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. மாசிலாமணி அண்ணன் தோளில் கைபோட்டு, கூட்டத்துக்குக் கேட்கும்படி, "இவர் நம்ம பழைய ரசிகர்! குஸ்தி காலத்துலருந்தே நம்மள விடாம பார்க்கிறவர்!" என்றார். சொல்லிக்கொண்டே வலப்பக்கம் தெரியத் திரும்பி நின்றார்.

ரசிகர்கள் கை தட்டினார்கள். மாசிலாமணி அண்ணன் இப்போது வாயைத் திறப்பார், ஊரே சிரிக்கும் என்று காத்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டு, தன் கையையும் கஜபாலன் முதுகில் போட்டு அணைத்து நின்றார். பல்பு மின்னியது.

4. பெயிண்ட் கை

மாலைகளோடு கஜபாலன் தியேட்டருக்குள் நடந்தார். பின்னால் நின்ற நாங்கள் பார்த்தோம். வெள்ளை ஜிப்பாவின் நடு முதுகில் ஐந்து விரலும் உள்ளங்கையுமாக, கோதா மண் நிறத்தில் ஒரு கை.

"அண்ணே, உங்க கை..."

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். ஏணியில் ஒழுகிய காவி மணிக்கட்டு வரை இருந்தது. "அடடா, துடைக்க மறந்துட்டேன்பா" என்றார். மறந்தாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

"ரசிகர்னு சொன்னாரே, ஏன் அண்ணே சும்மா விட்டீங்க?"

"அவன் பொழப்பு அதுலதான் ஓடுதுபா. எனக்குச் சாயத்துல ஓடுது. நான் கேட்டது என் மூஞ்சிய. அதை நீ எடுத்துட்ட."

அதன் பிறகு முப்பது வருஷம் முகம் போட்டேன். பேனரில் எறும்பளவு தலையாக இருந்தாலும், தெரிந்த முகம் என்றால் அந்த ஆளைத் தேடிப்போய்க் கேட்டுவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுவேன். எங்கே நிற்க வைக்கப்போகிறேன், யார் காலடியில் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

அந்தப் போட்டோ ரொம்ப நாள் தியேட்டர் ஆபீஸில் மாட்டியிருந்தது. நடிகரும் ரசிகரும் என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். ஒவ்வொரு கஜபாலன் படத்துக்கும் நான் பேனர் போட்டு ஏற்றியதும் மாசிலாமணி அண்ணன் டீ கிளாஸோடு வந்து என் பக்கத்தில் நிற்பார். நெஞ்சை நிமிர்த்தி, வலப்பக்கமாக நிற்கும் கஜபாலனை மேலிருந்து கீழே வரை பார்ப்பார். பிறகு ஒவ்வொரு தடவையும் அதே கேள்விதான்.

"நல்லா வந்திருக்குதுபா. முதுகு எப்படி இருக்குது?"