வாசலுக்கு வெளியே வெர்னா

முட்டை உரிக்கும்போது வெர்னா டட்டில் கையைப் பார்ப்பதில்லை, மைதானத்தையும் பார்ப்பதில்லை. தலையை லேசாகச் சாய்த்து, ஒரு காதை மட்டும் தெற்கு வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் எழும். எங்களுக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான். வெர்னா ஓட்டைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுச் சொல்வார்: "இது நம்ம சத்தம் இல்ல கண்ணு. தொண்டையிலேர்ந்து வருது பாரு. நம்மாளுங்க வயித்துலேர்ந்து கத்துவாங்க." சற்று நேரத்தில் வயிற்றிலிருந்து ஒன்று வரும். அப்போதுதான் அடுத்த முட்டையை எடுப்பார்.

இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் ஹார்லோ கல்லூரியின் 'நாரைகள்' அணி உள்ளூரில் ஆடினால், எங்கள் வண்டியும் டட்டில் தம்பதியின் பழைய பச்சை டிரக்கும் புல்தரையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். எத்தனையோ வருஷமாக இப்படித்தான். பின்பலகையை இறக்கிவிட்டால் அதுவே வெர்னாவின் சமையல் மேடை. விடியும் முன்பே புகையில் வைத்த பன்றித் தோள்கறி, நண்பகலில் விரலால் தொட்டாலே நார் நாராகப் பிரியும். சோளரொட்டி, புளிக்கவைத்த வெள்ளரி, கடுகு போட்டு மஞ்சள் கருவைப் பிசைந்து திரும்ப அடைத்த முட்டை. தெரிந்தவர், தெரியாதவர் யார் வந்தாலும் தட்டு உண்டு. எதிரணிச் சட்டை போட்டு வந்தாலும் உண்டு. "வயிறு என்ன பாவம் பண்ணுச்சு? மூளைதானே தப்பான காலேஜுக்குப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே அவனுக்கு இன்னொரு கரண்டி கறி வைப்பார்.

வெர்னா அந்தக் கல்லூரியில் படித்தவர் அல்ல. அவர் கணவர் ராய்ஸும் அல்ல. ராய்ஸ் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஊரில் பாதி ஆண்கள் சின்ன வயதில் அவர் பேருந்தில் சண்டை போட்டு மாட்டியவர்கள். வங்கியில் மேலாளராக இருப்பவனும் அவரைக் கண்டால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வான். குறும்பு செய்கிறவனைத் தன் முதுகுக்குப் பின்னால் முன் இருக்கையில் உட்காரவைப்பது அவர் வழக்கம். இன்றும் யாராவது வாய் நீட்டினால், "முன் சீட்டுக்கு வர்றியா?" என்பார். நரைத்த மீசைக்காரன் கூடச் சிரித்துக்கொண்டே அடங்கிவிடுவான்.

இந்த ஆட்டத்துக்குப் பெயர்தான் கால்பந்து. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிரணி மேலே விழுந்து அமுக்கும். அத்தனை பேரையும் உதறிக் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் ஊரே எழுந்து நிற்கும். அந்த எழுந்து நிற்பதை வெர்னா பார்த்ததில்லை. வாசலுக்கு இந்தப் பக்கமே வாழ்ந்துவிட்டார்.

கல்யாணமான புதிதில் மூன்று முறை உள்ளே போயிருக்கிறார். எதிர்ப்பக்கத்துத் திறந்த படிகளில் உட்கார்ந்தார்களாம். முதல் முறை நாரைகள் கேவலமாகத் தோற்றார்கள். அடுத்த முறை, ஜெயித்தாகிவிட்டது என்று எல்லோரும் தொப்பியைத் தூக்கி எறிந்த பிறகு தோற்றார்கள். மூன்றாவது முறை அணியின் உயிர்நாடியாக இருந்த பையன், வெர்னாவின் கண்ணெதிரே, கால் முறிந்து விழுந்தான். பக்கத்தில் இருந்த ராய்ஸின் அண்ணன் திரும்பிப் பார்த்து, "உன் ராசிதான் வெர்னா" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். வெர்னா கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். அண்ணன் செத்து வெகு காலமாயிற்று. அந்த வார்த்தை சாகவில்லை.

"எனக்குப் பைத்தியம்னு சொல்லிக்கோ. என்னால அந்தப் பசங்களுக்கு ஒண்ணு ஆகக் கூடாது, அவ்வளவுதான்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலில் ஏறிப்போனவரை வழியனுப்ப வந்தவர், ரயில் போன பிறகும் தண்டவாளத்தைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

வானொலியும் வைக்கமாட்டார். பக்கத்து வண்டிகளில் அலறினாலும், "அவன் யாரு எனக்குச் சொல்ல? என் வீட்டு ஆள் வருவார், சொல்வார்" என்பார். ராய்ஸ் வருவார். பேச்சே இல்லாத மனிதர். மீட்டர் பார்த்த வீடுகளில் நாய்களோடு பேசியதுதான் அதிகம் என்று கேலி செய்வோம். ஆட்டம் முடிந்து அந்த வாசலைத் தாண்டி வந்ததும் அவர் வேறு ஆள். கடுகுப் புட்டி ஒரு வீரன், உப்பு டப்பா இன்னொருவன், வெள்ளரித் துண்டுகள் எதிரணி. "இவன் இப்படி வர்றான், அவன் முழங்காலைப் பிடிக்கிறான், இவன் என்ன பண்ணான் தெரியுமா?" வெர்னா இடுப்பில் கை வைத்து நிற்பார். "என்ன பண்ணான்? சொல்லித் தொலையேன்!" உள்ளே போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்த நாங்களும் தட்டோடு வந்து நின்று கேட்போம். நாங்கள் பார்த்ததைவிட அது நன்றாக இருக்கும்.

போன வசந்தத்தில் ராய்ஸுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "சரி." பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி.

இந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு வெர்னா அவரை அழைத்து வந்து, மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலுக்கு மேல் போர்வை சுற்றினார். கறி இருந்தது, முட்டை இருந்தது. உள்ளே ஊர் அலறியது. ஆட்டம் முடிந்து வெளியே வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். "இருபத்தொண்ணு, பதினேழு, மிஸ் வெர்னா! ஜெயிச்சிட்டோம்!"

"ஸ்கோரையா கேட்டேன்?" என்றார் வெர்னா. "என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

"நல்லா ஆடினாங்க."

"நல்லா ஆடினாங்களாம்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, கரித்தட்டைக் கவிழ்த்துத் தட்டினார். அடுத்த ஆட்டத்துக்கு முதல்முறையாக வானொலியைப் போட்டார். கொஞ்ச நேரம் கேட்டார். அணைத்துவிட்டார். அன்றுதான் அவர் அடுப்பிலிருந்து முதல்முறையாக முட்டை தீய்ந்த வாசனை வந்தது. அவித்த தண்ணீர் வற்றிப்போனது தெரியாமல் நின்றிருக்கிறார்.

கடைசி உள்ளூர் ஆட்டம் பெல்டனோடு. ஆற்றுக்கு அக்கரைக் கல்லூரி. அவர்களிடம் தோற்றால் குளிர்காலம் முழுக்க ஊரில் முடிதிருத்தும் கடைக்குக்கூட நிம்மதியாகப் போக முடியாது. ஆட்டம் தொடங்கி முதல் கால்பகுதி ஓடிக்கொண்டிருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் அன்று உள்ளே போகவில்லை. அவருக்கு இருமல். ராய்ஸ் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுத் தடவி, இரண்டு டிக்கெட்டுகளை வெளியே எடுத்து வெர்னாவின் மடியில் வைத்தார்.

"இதை ஏன் கொண்டாந்தே?"

"சரி" என்றார் ராய்ஸ்.

"நான் போகமாட்டேன். போனா தோத்துருவாங்க."

"சரி."

"பெல்டன்காரன்கிட்ட தோத்தா ஊரே என்னைத் திட்டும்."

"சரி."

"சரி சரின்னா என்ன அர்த்தம், ராய்ஸ்?"

ராய்ஸ் டிக்கெட்டுகளை விரலால் அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார். முகத்தின் அசையும் பாதியில் ஒரு கெஞ்சல் இருந்தது. அவருக்கும் யாராவது ஆட்டத்தைச் சொல்ல வேண்டியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெர்னாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். கையைத் துணியில் துடைத்தார், மறுபடி துடைத்தார். "நீயும் வா கண்ணு. தனியா போனா பாதி வழியில திரும்பிடுவேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் ராய்ஸின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வாசலில் டிக்கெட் கிழிப்பவன் வெர்னாவின் பழைய பேருந்துப் பயணி. வாயைத் திறந்தான். "ஒண்ணும் சொல்லாதே" என்றார் வெர்னா. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

இடம் கீழ்த்தட்டில். வரிசையில் ஒரு வயதான தம்பதி. டெல்பர்ட், அவர் மனைவி மார்வா. அவர்களுக்குப் பக்கத்து இருக்கை காலி. அதற்கடுத்த இருக்கையில் கோட்டும் போர்வையும் குவிந்திருந்தன. வெர்னா எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து மார்வா எழுந்தே விட்டார்.

"நீங்க வெர்னாவா? முட்டை வெர்னா?"

"ராய்ஸ் சொன்னாரா?"

"வாரா வாரம் எங்களுக்குக் காகிதத்துல சுத்திக் கொண்டாருவாரே! இருங்க, கோட்டை எடுக்கறேன். இது உங்க இடம், வருஷாவருஷம் ரெண்டு சீட்டுக்கும் பணம் கட்டுவார். யாரையும் உக்கார விடமாட்டார். கோட்டு மட்டும் வச்சுக்கலாம்னு எங்களுக்குப் பர்மிஷன்."

வெர்னா அந்த இருக்கையைப் பார்த்தார். "ராய்ஸ் எதுல உக்காருவார்?"

டெல்பர்ட் தன் பக்கத்துக் காலி இருக்கையைக் காட்டினார். வெர்னா என்னைத் தன் இடத்துக்குத் தள்ளிவிட்டு அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்து நிமிர்ந்தார். நேர் எதிரே, கையெட்டும் தூரத்தில், மேல்தட்டைத் தாங்கும் இரும்புத் தூண். பச்சை வண்ணம் அடித்த, கட்டிப்பிடித்தால் கை போதாத தூண். இந்தப் பக்கம் சாய்ந்தால் நடுமைதானம் தெரியும். வடக்குப் பக்கம், கடைசிக் கோடு, கம்பம், ஒன்றும் தெரியாது.

"இதுலயா?" என்றார்.

"இதுலதான்" என்றார் டெல்பர்ட். "அந்தப் பக்கம் நகருங்கய்யான்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். 'அது வெர்னாவோடது'ம்பார். வடக்குப் பக்கம் ஏதாவது நடந்தா என் முழங்கையைப் பிடிச்சு, என்னாச்சு என்னாச்சுன்னு கேப்பார். நானும் கத்திக்கிட்டே சொல்லணும். பாதிதான் சொல்லியிருப்பேன்."

வெர்னா தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி அதைத் தொட்டார். குளிர்ந்த இரும்பு. அத்தனை வருஷமும் கடுகுப் புட்டியும் உப்பு டப்பாவும் பாய்ந்து தாண்டிய வடக்குக் கோட்டை, அவர் கணவர் ஒருநாளும் பார்த்ததில்லை. "திருட்டுப் பயல்" என்றார் வெர்னா. அவர் குரல் அத்தனை மெதுவாக வந்து நான் கேட்டதில்லை.

"இடம் மாத்திக்கலாம், வாங்க" என்றேன்.

"நீ பேசாம ஆட்டத்தைப் பாரு."

கடைசிக் கால்பகுதியில், ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தபோது, நாரைகள் வடக்குக் கோட்டை நெருங்கினார்கள். ஊர் எழுந்தது. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பெரிதாகப் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு கும்பல் இன்னொரு கும்பல் மேல் விழுந்தது. அடியில் எங்கோ ஒரு பையன் பந்தோடு கோட்டைத் தாண்டிக் கிடந்தான். நடுவர் இரண்டு கையையும் தூக்கினார். வெர்னா எழுந்து நின்று டெல்பர்ட்டின் முழங்கையைப் பிடித்து, "என்னாச்சு? என்னாச்சு?" என்று கத்தினார். டெல்பர்ட் பதிலுக்குக் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. வயிற்றிலிருந்து வரும் அந்தச் சத்தத்தின் நடுவில் நின்றுகொண்டு, வாயைத் திறந்தபடி, வெர்னா சுற்றிச் சுற்றி முகங்களைப் பார்த்தார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் பெல்டன்காரன் ஒருவன் நெடுந்தூரத்திலிருந்து பந்தை உதைத்தான். அது கம்பங்களுக்கு நடுவே போயிற்று, அதற்கு மூன்று புள்ளி. ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். அத்தனை பேர் கூடியிருந்தும் இறைந்துகிடந்த காகிதக் கோப்பைகள் உருளும் சத்தம் கேட்டது.

"நான்தான் சொன்னேனே" என்றார் வெர்னா.

"போன வருஷம் நீங்க வெளியதான் இருந்தீங்க, மிஸ் வெர்னா. நாப்பது புள்ளியில தோத்தோம்" என்றார் டெல்பர்ட்.

"உள்ள இருந்திருந்தா அறுபது." சொல்லிவிட்டு மார்வாவின் கன்னத்தைத் தட்டினார். "அடுத்த வருஷம் முட்டை சூடா கொண்டாறேன்."

புல்தரையில் செய்தி எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. "மிஸ் வெர்னா, நீங்களா உள்ள போனது? யாரு பர்மிஷன் குடுத்தா?" என்று டிரக் மேலிருந்து ஒருவன் கத்தினான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பில் கொஞ்சம் கசப்பும் இருந்தது. பெல்டனிடம் தோற்ற நாள் அல்லவா. வெர்னா நிற்கவில்லை. திட்டவும் இல்லை. அவர் பார்வை நாற்காலியில் இருந்தது.

ராய்ஸ் காத்திருந்தார். சத்தத்தை வைத்தே முடிவு அவருக்குத் தெரிந்திருக்கும். வெர்னா பின்பலகையில் இடம் ஒதுக்கி, தட்டுகளைத் தள்ளி, அவருக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு முழங்காலோடு முழங்கால் தொட உட்கார்ந்தார்.

"தோத்தது கிடக்கட்டும். வடக்குப் பக்கம் நம்ம பையன் போனானே, அதைக் கேளு. இந்தப் பக்கம் ஒருத்தன் வர்றான், பனைமரம் மாதிரி. அந்தப் பக்கம் இன்னொருத்தன். நம்ம பையன் என்ன பண்ணான் தெரியுமா? நின்னான். ஓடலை ராய்ஸ், நின்னான்! அவனுங்க ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் முட்டிக்கிட்டானுங்க. இவன் அப்பதான் தாவறான். தோள்ல சேறு, காலுல ஷூ ஒண்ணு கழண்டுபோச்சு, ஆகாசத்துல அப்படியே..."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

ராய்ஸின் அசையும் பாதி முகம் மெல்ல விரிந்தது. தோள் குலுங்கியது. இடது கையைத் தூக்கினார். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைப் பக்கவாட்டில் திருப்பி, தூணைப்போலச் செங்குத்தாக, தன் முகத்துக்கும் வெர்னாவின் முகத்துக்கும் நடுவே நிறுத்தினார்.

வெர்னா பேச்சை நிறுத்தினார். அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தலையை ஒருபுறம் சாய்த்து, கையைத் தாண்டி எட்டி, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.