யார் வீட்டு விருந்தாளி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பெற்று, ஐந்தையும் ஆளாக்கியவள். மூத்த பேத்தியின் கல்யாணத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எங்கே சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம் என்று போனில் அனுப்ப வேண்டுமாம். நான் சொல்லச் சொல்ல இளைய பேத்தி எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். ஆனால் இந்தப் பக்கத்தைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவைச் சூட்டோடு தின்ன வேண்டும். ஆண்டாள் கோவிலுக்கு வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள். பரோட்டாவுக்கு ராஜபாளையம். செண்பகத்தோப்பு ஓடைக்குப் போகிறவர்கள் மட்டும் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவின் தங்கைக்குக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தவரை யார் வீட்டு ஆள் என்று கேட்பது எங்கள் வீட்டில் மரியாதைக் குறைவு. மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரைச் சித்தப்பா பஞ்சு லாரியில் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போனார். என் பக்கத்தில் மஞ்சள் சேலை கட்டிய ஒருத்தி. இறங்கும்போது எல்லார் தலையிலும் பஞ்சு. அவள் கூந்தலில் ஒரு துணுக்கும் இல்லை. என் தலையில் இருந்ததை அவளே எடுத்துவிட்டாள். விரல்கள் குளிர்ந்திருந்தன.

"இத்துனூண்டு ஓடையைக் காட்டவா இம்புட்டுத் தூரம் குலுக்கிக் கூட்டியாந்தீக?" என்றாள் மாப்பிள்ளையின் அக்கா.

"பொறுங்க மதினி, செத்த நேரத்துல நீங்களே பயந்து ஓடப் போறீக," என்றார் சித்தப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். மஞ்சள் சேலைக்காரி சிரிக்கவில்லை. மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மட்டும் கறுத்திருந்தது.

"ஏட்டி, கரையேறு," என்றாள்.

ஓடை நடுப் பாறையில் கால் நனைத்துக்கொண்டிருந்த நான் மாட்டேன் என்றேன். அவள் தண்ணீரில் இறங்கி வந்து என்னைத் தூக்கிக் கரையில் விட்டாள். காட்டில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. பிறகு செந்தண்ணீர் மரக்கிளைகளோடு வந்தது. நான் இருந்த பாறை காணாமல் போனது.

எங்கள் ஆட்களைச் சித்தப்பா எண்ணினார். அவர்கள் ஆட்களை அவர்கள் எண்ணினார்கள். யாரும் குறையவில்லை. மஞ்சள் சேலைக்காரி எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அவிய மாப்பிள்ளை வீட்டாளு. அந்தப் பக்கம் இருப்பாக."

மாப்பிள்ளையின் அக்காவிடம் ஓடினேன்.

"அவிய உங்க வீட்டாளுல்லா? லாரியில ஏறியிருப்பாக, போ."

லாரியில் அவள் இல்லை. வந்துவிடுவாள் என்று பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தேன். வழியெல்லாம் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. வீடு வந்து இறங்கும்போது பார்த்தேன். நான் விட்டிருந்த இடத்துப் பலகை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

ஒரு உயிர்கூடப் போகவில்லை என்று பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாத ஒருத்தியைத் தேட அந்த ஓடைக்கு யாருமே போகப் போவதில்லை என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

மலையில் மேகம் இறங்கியிருந்தால் ஓடைப்பக்கம் போகாதீர்கள்.

ஏட்டி, எழுதிட்டியா? அவ என்னைத் தூக்கின இடத்துலருந்து வாசி. மெதுவா வாசி.