முக்கூடல் ஆலையில் கம்பைல் செய்தது

முக்கூடலுக்குப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில், தரம் பார்க்க மூட்டைகளிலிருந்து மாதிரிக்கு எடுத்த அரிசியைக் கறுப்புத் தட்டில் பரப்பி, உடைந்த குருணையைப் பொறுக்கி எண்ணுவது ஓர் அக்காவின் வேலை. இருபது வருடமாக அவர்தான். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. "வேற ஆளு பழகுறதுக்குள்ள லோடு நின்னுரும், பொறுத்துக்கோ" என்று முதலாளி அண்ணாச்சி ஆபரேஷனை மூன்று முறை தள்ளிப்போட வைத்திருந்தார். தட்டைப் படமெடுத்தால் எண்ணிச் சொல்லும் நிரலை நான் எழுதிக் கொடுத்தால் அக்காவுக்கு லீவு. அதுதான் அண்ணாச்சியோடு எனக்குப் பேச்சு.

பைத்தான் மொழியில் எழுதினேன். எண்ணிக்கை சரி, ஆனால் ஒரு தட்டுக்கு நாலு நிமிடம். அதற்குள் அக்காவே எண்ணிவிடுவார். ஆகவே அரிசியைப் பிரித்தறியும் பகுதியை மட்டும் சி மொழியில் எழுதி, கம்பைல் செய்து, அதாவது கணினி நேரடியாக ஓட்டும் வடிவத்துக்கு மாற்றி, பைத்தான் அழைத்துக்கொள்ளும் துணை நிரலாக்கினேன். பாளையங்கோட்டை வீட்டில் கண்மூடித் திறப்பதற்குள் விடை வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவும் போதாதென்று, என் புது லேப்டாப்பின் சிப்புக்குத் தெரிந்த வித்தை அத்தனையையும் பயன்படுத்தச் சொல்லி மறுபடி கம்பைல் செய்து, பென் டிரைவோடு பஸ் ஏறினேன்.

ஆலைக் கணினியில் நிரல் திறந்ததுமே செத்தது. சட்டவிரோதமான ஆணை என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. ஆற்று மணல் திருடிப் பிடிபட்டதுபோல் நின்றேன்.

"வீட்ல ஓடுச்சின்னு சொன்னீயளேம்மா?" என்றார் அண்ணாச்சி.

அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்தப் பழைய சிப்புக்குப் புது வித்தை எதுவும் தெரியாது. என் பெருமைக்காகக் கம்பைல் செய்திருக்கிறேன், ஆலைக்காக அல்ல. நல்லவேளை, மூல நிரலும் பென் டிரைவில் இருந்தது. போனிலிருந்து இணையம் கொடுத்து, கம்பைலரை இறக்கி, அந்தக் கணினியிலேயே, ஆடம்பரம் எதுவும் இல்லாமல் கம்பைல் செய்தேன். முடிவதற்குள் எனக்கு வந்த டீ ஆறிப்போனது.

ஓடியது. வீட்டு வேகம் இல்லை, தட்டுக்கு ஆறு வினாடி. குருணை நாற்பத்தொன்று என்றது.

அக்கா எண்ணினார். நாற்பத்திரண்டு. தட்டை மூக்கருகே கொண்டுபோய் மறுபடி எண்ணினார்.

"நாப்பத்தொண்ணுதான். ஒண்ண ரெண்டு தடவ எண்ணிட்டேன்."

அக்கா கணக்குத் தப்பி அண்ணாச்சி பார்த்ததே இல்லை போலும். குனிந்து அக்காவின் கண்ணை உற்றுப் பார்த்தார்.

"எத்தன நாளா இப்பிடி?"

"நீங்க மொதத் தடவ தள்ளிப்போடச் சொன்னதுல இருந்து, அண்ணாச்சி."

மறுநாள் காலை ஆலைக் காரில்தான் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனார்.