தழும்பை மறைத்த குற்றாலக் குளியல்

ஆஸ்லோவில் நீச்சல் வகுப்பில் சேர்ப்பதற்கும், பிள்ளைக்கு முன்பு அறுவை சிகிச்சை நடந்ததா என்று படிவம் கேட்கிறது. முகமறியாத அந்தப் படிவத்திடம் எனக்கு ஒளிவுமறைவே கிடையாது. மகள் இனியாவுக்குக் குடல்வால் வெடித்தது முதல் தையல் பிரித்தது வரை எழுதிவிடுவேன். தென்காசிச் சொந்தங்களிடம்தான் எட்டு மாதம் மூச்சு விடவில்லை. பெண்பிள்ளை வயிற்றில் தழும்பு என்றால், ஏழு வயதிலேயே அவள் கல்யாணத்துக்குக் கவலைப்பட அங்கே ஆட்கள் தயார் என்பது என் கணிப்பு. அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவளின் கணிப்பு.

அந்த ஆண்டு கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மகளுடன் நான் மட்டும் ஊருக்கு வந்து, சொந்தங்களோடு குற்றாலச் சாரலுக்குப் போனேன். ஐந்தருவியில் நீளமான பனியனோடு அவளைக் குளிக்க வைத்தேன். மறுநாள் காலை, லாட்ஜில் வயிறு உப்பிப் பச்சையாக வாந்தியெடுத்தாள். கணவரின் அக்கா செல்வி மதினி முந்தின நாள் பரோட்டாவைக் குற்றவாளியாக்கினார். சின்ன மாமனார், அருவித் தண்ணீரில் மூலிகை கலந்திருப்பதால் பச்சை என்று அறிவியல் விளக்கம் தந்தார். அறுவைக்குப் பின் உள்ளே குடல் ஒட்டிக்கொண்டு வழி அடைபடலாம், பச்சை வாந்தி என்றால் உடனே வாருங்கள் என்று ஆஸ்லோ மருத்துவர் தந்திருந்த தாளை நான் பத்திரமாகக் கோப்பில் வைத்திருந்தேன். கோப்பு ஆஸ்லோவில் பத்திரமாக இருந்தது.

கிளினிக்கில், முன்பு ஆபரேஷன் ஏதும் நடந்ததா என்று மருத்துவர் கேட்டார். மதினி பக்கத்தில் நின்றார். இல்லை என்றேன். சுருண்டு கிடந்த மகள் தலையைத் தூக்கி, "வுர்ஃபோர், மம்மா?" என்றாள். நார்வே மொழியில் 'ஏன்' என்று பொருள். அவ்வளவு வலியிலும் என் மானத்தைக் காக்க, எனக்கு மட்டும் புரியும் மொழியில் கேட்டிருக்கிறாள். பனியனை நானே தூக்கிக் காட்டினேன்.

தென்காசி மருத்துவமனையில் மூக்கில் குழாய், கையில் டிரிப்ஸ், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. காற்றுப் பிரிந்தால் தப்பித்தோம், இல்லையேல் மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார் சர்ஜன். மதினி தழும்பைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ஏட்டி, தெனமும் போன்ல கத்திரிக்காக் கொழம்பு வரைக்கும் சொல்லுத. பிள்ள வயித்தக் கிழிச்சதச் சொல்ல மட்டும் வாய் வலிச்சுதோ?"

இரண்டாம் நாள் மதியம் காற்றுப் பிரிந்தது. பக்கத்துக் கட்டில் ஆய்க்குடி அண்ணாச்சி அதைத் தேர்தல் முடிவுபோல வராந்தாவுக்கே அறிவித்தார். மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போதும் காலையில் டிராமில் இருக்கும்போது மதினியின் அழைப்பு வரும். எடுத்ததும், "பிள்ளைக்குக் காத்து ஒழுங்காப் பிரியுதா?" என்பார். எதிர் இருக்கைக்காரர்கள் சன்னலுக்கு வெளியே பனியைப் பார்க்கிறார்கள். மெதுவாகப் பேசு என்று இனியா நார்வே மொழியில் முணுமுணுத்து என் கையைக் கிள்ளுகிறாள். நான் தென்காசிக்கு எட்டும் குரலில், "பிரியுது மதினி," என்கிறேன்.