பாரி போட்டவளும் எடுத்தவளும்

எனக்கு விடைக்குறிப்பு என்றாலே ஆகாது. இருபது வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், இன்னும் அதோடு சண்டைதான். போன வருடம் எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் ‘பயிரிடுதல்’ என்று எழுதி, இதற்கு வேறு சொற்கள் சொல்லுங்கள் என்றேன். விடைக்குறிப்பில் இருந்தது ஒன்றே ஒன்று: பயிர் செய்தல். பிள்ளைகள் விட்டார்களா? நெல்லை நாற்றங்காலில் பாவுவாக, வயலில் நடுவாக, கடலையை ஊன்றுவாக, எள்ளைத் தெளிப்பாக, தென்னம்பிள்ளை வைப்பாக, கீரை போடுவாக என்று சரசரவென்று வந்து விழுந்தது. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு என்று சொல்லிவிட்டேன். கேட்கிறவர்கள் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன், யாரும் வரவில்லை.

கடைசி பெஞ்சில் ஒருத்தி, “முளைப்பாரி வளக்குறது டீச்சர்” என்றாள். பக்கத்தில் இருந்தவள் விடவில்லை. “பாரி போடுறதுடி. பெறகு எடுக்குறது.” எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரம் பூராவும் என் வீட்டில் அதுதான் பேச்சு.

கோட்டையூரில் எங்கள் தெரு அம்மனுக்குத் திருவிழா என்றால் முளைப்பாரிதான். மண்சட்டியில் வைக்கோலும் எருவும் பரப்பி, ஊறவைத்த பயறுகளைத் தூவி, இருட்டறையில் ஒன்பது நாள் வைத்திருப்போம். பத்தாம் நாள் அதைத் தலையில் சுமந்துபோய் ஊருணியில் கரைப்போம். பயறு தூவுவது போடுவது, தலையில் சுமப்பது எடுப்பது. என் வீட்டுக்காரரின் தங்கைக்கு அந்த வருடம் பாரி எடுக்க ஆசை வந்துவிட்டது. அவள் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டு மாடியில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்தவள், தெருவில் இறங்குவதே இல்லை. ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவர்கள்தான் ஏறி வர வேண்டும். அப்படிப்பட்டவள் ஒரு நாள் சாப்பிடும்போது, “மதினி, நான் பாரி எடுக்கட்டா?” என்றாள். சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பாரிக்குப் பொறுப்பு முக்கு வீட்டு இட்லிக் கடை அக்கா. யார் கேட்டாலும் அவரைத்தான் கேட்க வேண்டும்.

“போடட்டும் டீச்சர், யாரு வேண்டாம்னா? எடுக்கிறதுதான் ஆகாது. வெறுங்கழுத்தா இருக்காள்ல. அவ போடட்டும், நீங்க எடுத்துருங்க.”

“போடுறதுக்கு ஆகுற கை, தூக்குறதுக்கு ஆகாதா?”

“எங்கிட்ட ஏன் கத்துறீக? சட்டம் நானா போட்டேன்? வழக்கம்.”

கோபத்தில் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். நாத்தனார் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். “விடுங்க மதினி, போடுறேன். அது போதும்” என்று மாடிக்குப் போய்விட்டாள். போதாது என்று அவள் குரலே சொன்னது.

வழக்கமாகப் பாரி வைக்கிற பெரிய வீட்டை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் இந்த முறை எங்கள் வீட்டுப் பின்னறைக்குப் பதினெட்டுச் சட்டிகளும் வந்தன. அக்காவின் சட்டி ஜன்னலடியில் முதலிடத்தில். நாத்தனாரின் சட்டி மூலையில், பழைய பீரோவுக்குப் பின்னால். ஆளைப் பார்த்துத்தான் இடம் ஒதுக்கினார்கள், அதையும் கவனித்தேன். அக்கா விடியுமுன் குளித்துவிட்டு வந்து, விளக்குப் போடாமல் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார். மற்றவர்கள் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது.

மூன்றாம் நாள் நான் எட்டிப் பார்த்தேன். வீடு என்னுடையது, என்னை யார் கேட்பது? முளை விட்டவை எல்லாம் காமாலை வந்ததுபோல் மஞ்சளாக நின்றன. பதறிவிட்டேன். என் நாத்தனார் போட்ட பாரி கருகிப்போனால் அவள் மறுபடி மாடியை விட்டு இறங்குவாளா? வெயில் படட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைத்தேன். பள்ளிக்கூடம் போகுமுன் திறப்பேன், வந்ததும் மூடுவேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்தாம் நாள் காலையில் சட்டிகளை முற்றத்துக்கு எடுத்து வந்தார்கள். ஜன்னலோரத்து ஆறு சட்டிகளும் குட்டை குட்டையாக, கரும்பச்சையாக, சந்தைக் கீரைக்கட்டுபோல் இருந்தன. மற்றவை பொன்னிறத்தில் முழ உயரம். இருட்டில் வளர்வது வெளிச்சத்தைத் தேடித்தான் நெட்டுகிறது என்று அறிவியல் டீச்சர் பிறகு சொன்னார். முதலிலேயே அவரைக் கேட்டிருக்கலாம்.

அக்கா தன் சட்டியைப் பார்த்தார். அதற்குள் கூட்டத்தில் ஒரு குரல், “தொடக் கூடாத கை தொட்டா இப்படித்தான் ஆகும்” என்றது. நாத்தனார் வெளுத்துப்போனாள். மாடிப்படிப் பக்கம் திரும்பினாள்.

“நான்தான்!” என்று கத்தினேன். வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை. “சன்னலத் தொறந்துவிட்டது நான். அவ ஒண்ணும் செய்யல. வெளிச்சம் பட்டா நல்லா வரும்னு நெனச்சேன்.”

“பாரிக்கு வெளிச்சமா?” அக்கா இடுப்பில் கை வைத்தார். “எந்தப் புஸ்தகத்துல படிச்சீக டீச்சர்?”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சுட்டது. அடி வாங்கப்போகிற பிள்ளை மாதிரி நின்றேன்.

“சரி. எம் பாரிய இந்த லட்சணத்துல நான் தூக்க மாட்டேன். நீங்க தூக்குங்க. எல்லாருக்கும் முன்னால வாங்க. டீச்சர் வளத்த அழக ஊரே பாக்கட்டும்.”

“தூக்குறேன்க்கா. ஆனா எனக்கு ரெண்டு தலையா இருக்கு? அவ பாரிய யாரு எடுக்குறது?”

அக்கா மூலையில் இருந்த அவள் சட்டியைத் தேடிப் பார்த்தார். இருந்ததிலேயே அதுதான் உயரம், ஒரு முளைகூடச் சாயவில்லை. கூட்டத்தில் யாரோ வாயைத் திறந்தார்கள். அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை.

“பேச்சு வேணாம். எம் பாரியே இப்படி நிக்கிது, இதுக்கு மேல என்ன ஆகப்போகுது?” என்றவர், படியில் நின்றவளைப் பார்த்தார். “ஏத்தா, எங்குட்டுப் போற? இங்குட்டு வா. நேரமாகுதுல்ல, தூக்கு.”

நாத்தனார் நகரவில்லை. அக்காவே சட்டியை எடுத்து அவள் தலையில் வைத்தார். குலவை எழுந்தது. அந்தச் சத்தத்தில் நான் அழுததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், பார்த்தாலும் எனக்குக் கவலையில்லை.

தெருவெல்லாம் எனக்குக் கேலிதான். “டீச்சர் கீரை விக்கப் போறாக” என்றார்கள். போங்கடி என்று நடந்தேன். ஊருணியில் பாரியைக் கரைத்த பிறகு நாத்தனாரைக் காணோம். பொட்டப் பிள்ளை ஓரமாக நின்று அழுகிறாளோ என்று தேடினேன். அவள் ஈரப் புடவையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அக்காவிடம் போய் நின்றாள்.

“அக்கா, அடுத்த வருசமும் எம் பாரிய நானே எடுக்குறேன்.”

கேட்கவில்லை, சொன்னாள். முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, அவளுக்குப் பின்னால் நின்ற என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“எடு, யாரு வேண்டாம்னா? ஒம் மதினிய மட்டும் அந்த அறைக்குள்ள விட்றாத.”