செவலையை அனுப்பி வைத்த வார்த்தை

என் தம்பி செத்து வருஷம் திரும்பிவிட்டது. படம் போட்டு நினைவுப் புத்தகம் அடிக்கிறோம், அக்காக்காரி நீயும் நாலு வார்த்தை சொல் என்றார்கள். எனக்கு எழுதத் தெரியாது, பேசத் தெரியும். நான் பேசப் பேச, பேத்தி அதைப் புத்தகத் தமிழாக்கிப் போனில் தட்டுகிறாள். "அவர்னு போடவா அப்பத்தா?" என்று கேட்டாள்.

"இடுப்புல தூக்கிச் சுமந்தவன எவடி அவருங்கிறது? அவன்னே போடு" என்றேன். ஊருக்கு அவர், எனக்குத் தம்பி.

அழகர்கோவில் போகிற ரோட்டில், கண்மாய்க்கு மேற்கே பிறந்தோம். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா நடவுக்குப் போகும். நான் தம்பியைப் பார்த்துக்கொள்வேன். காலூன்றச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடையாது. அவன் ஆடு மேய்த்தான், கொத்தனாருக்குக் கையாளாக நின்றான், பிறகு நிலம் வாங்கினான், மகனைப் படிக்க வைத்துத் தல்லாகுளத்தில் ஆபீஸ் வேலைக்கு அனுப்பினான். இதையெல்லாம் மற்றவர்கள் முன்பக்கத்தில் எழுதியிருப்பார்கள். நான் அவன் நாய்களைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு நாய் என்றால் பயம். பயந்தவள் என்பதால் நன்றாகக் கவனித்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் வேட்டை நாய் வளர்க்காத வீடு குறைவு. இப்போது முயல் பிடிக்கக் கூடாது என்று சட்டம். ஆனால் ஓடப் பிறந்த நாய் ஓடாமல் இருக்குமா? அவிழ்த்துவிட்டால் கண்மாய் தாண்டிப் போய்விடும். எவன் கூப்பிட்டாலும் திரும்பாது. தம்பி நாய் மட்டும் பாதி ஓட்டத்தில் திரும்பும். டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒரு மாப்பிள்ளை முறைக்காரர் வந்து புலம்பினார். "மச்சான், அவுத்துவிட்டா நம்மளது வரவே மாட்டேங்குது."

"எதுக்குக் கூப்பிடுவீக மாப்ள?"

"வேற எதுக்கு? கட்டிப் போடத்தான்."

"அப்புறம் என்னத்துக்கு வரும்? கறிச்சோத்துக்கு மாமியா கூப்பிட்டா ஓடுறீக. மூட்ட தூக்கக் கூப்பிட்டா போவீகளா?"

அந்த மாப்பிள்ளையின் மனைவி பக்கத்திலேயே நின்றாள். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

தம்பியின் வழி இதுதான். முதலில் நீளக் கயிறு கட்டி, தரையில் இழுபட விடுவான். "தோ... தோ..." என்று கூப்பிடுவான். வந்தால் ஒரு கருவாட்டுத் துண்டு கொடுத்து, உடனே "போயிட்டு வா" என்று மறுபடி ஓட விடுவான். கட்ட வேண்டியிருந்தால் கூப்பிடவே மாட்டான். தானே நடந்துபோய்ப் பிடித்து வருவான். கூப்பிட்ட குரலும் சங்கிலியும் சேரவே கூடாது என்பான். நாள் போகப் போகக் கயிறு வேண்டியிருக்காது. இன்னொன்று, அவன் "போயிட்டு வா" சொல்லாமல் எந்த நாயும் வாசலைத் தாண்டாது. ஒரு நாயையும் அவன் கம்பெடுத்து அடித்ததில்லை. என்னைத்தான் சின்ன வயதில் அடித்திருக்கிறான்.

கடைசியாக அவன் பழக்கியது செவலை என்கிற பெட்டை. நெஞ்சுவலி என்று அவனை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது வாசலில் நின்று பார்த்தது. அவனைத் திருப்பிக் கொண்டுவந்தபோதும் அங்கேயேதான் நின்றது.

அதற்குப் பிறகு அது வாசலைத் தாண்டவில்லை. கொல்லைப்பக்கம் போய்வரும், மறுபடி வாசலில் வந்து படுக்கும். சோறு வைத்தால் மோந்து பார்ப்பதோடு சரி. விலா எலும்பு தெரிந்தது. கருமாதியன்று என் மருமகன், அதாவது தம்பி மகன், கண் கலங்கிப்போய்ச் சொன்னான்.

"அத்தை, இது பொழைக்காது போல. சங்கிலி போட்டு மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டர்ட்ட காட்டுறேன்."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. சாவு வீட்டில் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. வந்த சனம் அம்புட்டும் வாயைத் திறக்காமல் எழுந்து போகிறது. நாங்களும் யாரையும் "போயிட்டு வாங்க" என்று அனுப்பவில்லை. அந்த வார்த்தையே இந்த வீட்டில் செத்துக் கிடக்கிறது. இந்த வாயில்லாச் சீவன் அதற்காகவே காத்துக் கிடக்கிறதோ?

நான் வாசலுக்குப் போனேன். கடித்தால் என்ன செய்வது என்று நாலடி தள்ளியே நின்றேன். "செவலை, போயிட்டு வா" என்றேன்.

"சாவு வீட்டுல அந்த வார்த்தையச் சொல்றியே, ஒனக்குப் புத்தி இருக்கா?" என்று பந்தலிலிருந்து ஒரு சத்தம்.

செவலை எழுந்து என்னைப் பார்த்தது. உடம்பை ஒரு உதறு. அடுத்த நொடி கண்மாய்க் கரையில் இருந்தது. அங்கே புதரிலிருந்து ஒரு முயல் கிளம்பிவிட்டது. முயல் ஓடிய பக்கம் கடலைக் கொல்லை. காட்டுப்பன்றிக்காக எவனோ கரண்டு வேலி போட்டிருந்தான். மருமகன், "ஐயோ அத்தை!" என்று தலையில் கை வைத்தான்.

கூப்பிட தம்பி இல்லை. எனக்கோ மூச்சிரைக்கும். இருந்தாலும் அவன் இழுக்கிற மாதிரியே இழுத்து, "தோ... தோ..." என்றேன். பாதிக் குரல்தான் வந்தது. இன்னொரு தடவை அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன். வேலிக்கு முன்னால் செவலை ஓட்டம் குறைந்தது. முயல் போன திசையைப் பார்த்தது. திரும்பி என்னைப் பார்த்தது. வந்துவிட்டது! என் முழங்காலில் மூக்கை வைத்து மூசுமூசென்று நின்றது.

மருமகன் சங்கிலியோடு ஓடி வந்தான்.

"தொடாதடா! உங்கப்பன் சொன்னது மறந்துபோச்சா?"

"மறுபடியும் அங்கயே ஓடிட்டா?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. கையில் கருமாதிக்குச் சுட்ட உளுந்த வடை. கருவாட்டுக்கு அன்று எங்கே போவது? கொடுத்தேன். இத்தனை நாளில் முதல் தடவையாக வாய் வைத்துத் தின்றது. தின்று முடித்ததும், மனதைக் கல்லாக்கிக்கொண்டு, "போயிட்டு வா" என்றேன். போனது, கரையில் ஒரு சுற்றுச் சுற்றியது, கூப்பிட்டதும் வந்தது. மருமகன் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதான். தகப்பன் போன பிறகு அவன் வாய்விட்டு அழுதது அன்றுதான்.

இப்போது ஞாயிறு தவறாமல் தல்லாகுளத்திலிருந்து வந்து, செவலையைக் கண்மாயில் ஓடவிட்டுத்தான் போகிறான். வேலிக்காரனிடம் சண்டை போட்டு அந்தக் கம்பியையும் எடுக்க வைத்துவிட்டான்.

தம்பியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடியவர்கள், பந்தல் போட்டவர்கள், தோள் கொடுத்தவர்கள், வந்த சனத்துக்கு வீட்டைத் திறந்துவிட்ட பக்கத்து வீட்டார், வடை சுட்ட கைகள், எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். அன்று நீங்கள் அத்தனை பேரும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனீர்கள், அதுதான் முறை. இப்போது வருஷம் திரும்பிவிட்டது. சாப்பிட வாருங்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, "போயிட்டு வாரோம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். தம்பி படத்துக்கும் கேட்கட்டும். செவலை உங்களோடு கண்மாய் வரை வந்தால் பயப்படாதீர்கள், நான் கூப்பிட்டுக்கொள்கிறேன்.