கால் முந்திக்கொண்டால்

பதினோரு வருடமாக அவள் டின் மூடி அடிக்கிறாள். வட்டத் தகட்டை வலது கையால் அச்சுக்குள் வைக்க வேண்டும், கையை இழுக்க வேண்டும், தரையில் வயரோடு கிடக்கும் கால் ஸ்விட்சை மிதிக்க வேண்டும். மேலேயிருந்து இரும்பு இறங்கி ஒரு குத்து. மூடி பின்பக்கமாகச் சறுக்கிப் பெட்டியில் விழும். வை, இழு, மிதி. அவ்வளவுதான் வேலை.

நூல் பிடித்த மாதிரி இப்படி அடிப்பதால் பக்கத்து மெஷின்காரி ஒல்லி அவளுக்கு வைத்த பெயர் கடிகாரம்.

"கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாச்சாக்கா?" காலையில் முதல் பேச்சே அதுதான்.

"அதெல்லாம் ஆச்சு. நீ உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கு."

உண்மையில் அந்தத் தாளம்தான் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது. அப்பா இறந்த பிறகு மறுபடி வேலைக்கு வந்த முதல் நாள், உட்கார்ந்த கால் மணி நேரத்தில் மூச்சு குத்தோடு சேர்ந்துகொண்டது. இறுகிக் கிடந்த தோள் தானாக இறங்கியது. வீட்டில் வெங்காயம் நறுக்குவதும் அதே கணக்கில்தான், மாடிப்படி ஏறுவதும் அப்படித்தான். நாலு வயது மகளை மடியில் போட்டுத் தட்டினால், முப்பது தட்டுக்குள் பிள்ளை தூங்கிவிடும்.

திங்கட்கிழமை ஃபிட்டர் வந்து மோட்டாரில் பெல்ட் ஓட்டும் புல்லியைக் கழற்றி வேறு மாட்டினான்.

"கொஞ்சம் வேகமாப் போகும்க்கா. ரெண்டு நாள்ல பழகிடும்."

பழகுமா என்பதல்ல அவளுடைய கவலை. நெடுநாள் ஓட்டியவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தப்பு இருக்கிறது. புதிதாக வருபவர்கள் கை முழுக்க வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே மிதிப்பார்கள். பழகியவர்கள் பார்ப்பதில்லை. கை வெளியே வந்துகொண்டிருக்கும்போதே கால் இறங்கிவிடும். இரும்பு கீழே வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது உடம்புக்கு மனப்பாடம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, செய்வதாக ஒத்துக்கொள்வதும் இல்லை. பழைய வேகத்தில் கைக்கும் இரும்புக்கும் நடுவே கண் சிமிட்டும் நேரம் மிச்சமிருந்தது. அந்த மிச்சத்தைத்தான் ஃபிட்டர் கழற்றிக்கொண்டு போயிருந்தான்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளைக்குச் சற்று முன் கால் முந்திக்கொண்டது. குத்து விழுந்தது. கையில் வலி எதுவும் இல்லை. அச்சுக்குள் பார்த்தாள்: கையுறையின் நடுவிரல் நுனி, மூடியோடு மூடியாக நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. கையுறை ஒரு அளவு பெரிது. அதனால் விரல் அந்த நுனிவரை எட்டவில்லை. கையுறையைக் கழற்றி விரல்களை எண்ணினாள். ஐந்து இருந்தன. நம்பிக்கையில்லாமல் இன்னொரு தரம் எண்ணினாள்.

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "ஏம்மா, பதினோரு வருஷம் ஓட்டுன கை, இப்ப இப்படிப் பண்ணுது?"

"கை ஒண்ணும் பண்ணல சார். கால்தான் முந்துது. பழைய புல்லியையே மாட்டச் சொல்லுங்க."

"எல்லா மெஷினும் ஒரே வேகந்தாம்மா. உனக்கு மட்டும் தனியா மாட்ட முடியுமா?"

"அப்ப கை மாட்டாம இருக்க முன்னாடி போட்டிருந்த கம்பித் தடுப்பையாவது போடுங்க."

"மேல சொல்லியிருக்கேன். வரும்." அவர் கையுறை நுனியைச் சுரண்டி எடுத்து, ஒரு நொடி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, குப்பையில் போட்டார். அவர் முகமும் வாடியிருந்தது.

அன்று சாயங்காலம் மகளை மடியில் போட்டுத் தட்டினாள். பிள்ளை கண்ணை மூடவே இல்லை.

"மெதுவாத் தட்டும்மா. யாரோ ஓடி வர்ற மாதிரி இருக்கு."

கையை எடுத்துவிட்டாள். புது வேகம் வீடு வரை வந்திருந்தது. சோற்றைப் பிசையும்போது நடுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தவளிடம், பஸ் ஓட்டும் கணவன் கேட்டான்: "என்னடி, விரல்ல ஜோசியம் பாக்குற?"

சொன்னாள். அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "நாளைக்குப் போகாத."

"நாளைக்குப் போகலன்னா? நாளன்னைக்கும் அதே மெஷின்தானே?"

"நான் புது வண்டி எடுத்தா ஒரு வாரம் பிரேக்கைக் கால் தேடும். அந்த ஒரு வாரம் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுதான் ஓட்டுவேன்."

தனக்கே தெரியாமல் அவன் வழி சொல்லியிருந்தான். புதன்கிழமை வேலைக்குப் போனவள் முதல் காரியமாகக் கால் ஸ்விட்சை ஒரு முழம் இடப்பக்கம் தள்ளி வைத்தாள். தகட்டை வைத்தாள். வலது கால் பழைய இடத்தில் வெறும் தரையை மிதித்தது. பிறகு துழாவிக்கொண்டு போய் ஸ்விட்சைக் கண்டுபிடித்தது. அந்தத் துழாவலுக்குள் கை மடிக்கே வந்து சேர்ந்துவிட்டது.

நாளெல்லாம் அப்படியே ஓட்டினாள். மூச்சு எதோடும் சேரவில்லை. கழுத்து இறுகி, தலை விண்ணென்று வலித்தது. ஒவ்வொரு குத்துக்கும் தனியாகப் பயப்பட வேண்டியிருந்தது.

"என்னக்கா, கடிகாரம் நொண்டுது?" என்றாள் ஒல்லி.

"நொண்டட்டும்டி. நொண்டுற வரைக்கும் விரல் இருக்கும்."

ஒல்லி அவள் காலைப் பார்த்தாள். சற்று நேரம் கழித்துக் குனிந்து தன் ஸ்விட்சையும் தள்ளி வைத்துக்கொண்டாள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தார், இருவரின் பெட்டியையும் பார்த்தார், "ரொம்பக் கம்மியா இருக்கேம்மா" என்றார். ஆனால் ஸ்விட்சை எடுத்துப் பழைய இடத்தில் வைக்கச் சொல்லவில்லை.

வியாழன் போயிற்று. வெள்ளி, சனியும் போயின. அடுத்த செவ்வாய் காலை, பெட்டி நிரம்பும் சத்தத்துக்கு நடுவே அவளுடைய தோள் இறங்கியது. தலைவலி விட்டிருந்தது. பல நாளுக்குப் பிறகு மூச்சு ஆழமாக வந்தது. மகளுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்க வேண்டும் என்று ஏதோ நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அடடே, கடிகாரம் ஓட ஆரம்பிச்சிருச்சே!" என்றாள் ஒல்லி.

அவள் குனிந்து பார்த்தாள். கை இன்னும் அச்சை விட்டு முழுக்க வெளியே வரவில்லை. கால் எதையும் தேடாமல், இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி, ஸ்விட்சின் மேல் நேராக இறங்கிக்கொண்டிருந்தது.

கையை வெடுக்கென்று மார்போடு இழுத்துக்கொண்டாள். தகடு மட்டும் இருந்த அச்சில் குத்து விழுந்தது. மெஷினை நிறுத்தி, முழங்காலிட்டு உட்கார்ந்து, ஸ்விட்சை இந்த முறை வலப்பக்கக் கோடிக்கு, வயர் எட்டும் மட்டும் இழுத்து வைத்தாள். எழுந்து உட்கார்ந்து, தகட்டை எடுப்பதற்கு முன், ஆறு நாள் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். புது இடம் பழகக் காலுக்கு ஆறே நாள்தான் பிடித்திருக்கிறது. அடுத்த தடவை அவ்வளவுகூடப் பிடிக்காது.